பச்சைவாலும் ஊதாவாலும் என் அண்ணனும்

என் அண்ணன் எரிபெர்த்தோ தாஸ்கோன் பல் செய்கிறவர். பல் வைத்தியர் இல்லை. வைத்தியர் அச்செடுத்து அனுப்பினால், அதற்குப் பொருந்துகிற பல்லைப் பீங்கானில் செய்து கொடுப்பவர். இந்த வித்தியாசத்தை விளக்கியே அவருக்குப் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. கலி என்கிற எங்கள் நகரத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு யார் போனாலும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழக்கடை அம்மாள் கூப்பிடுவாள், அடுக்குமாடிக் காவல்காரர் கூப்பிடுவார். ஒவ்வொருவரிடமும் நின்று, "நான் டாக்டர் இல்லைங்க" என்று திருத்திவிட்டுத்தான் நகர்வார். மறுநாளும் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மறுநாளும் இவர் நிற்பார்.

ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் எங்கள் பட்டறை. மெழுகில் பல்லின் வடிவம் பிடிக்கிற வேலை எனக்கு, பீங்கான் வேலை அவருக்கு. இருபத்தாறு வருடமாக எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். என் கணவரை விட்டு வந்த பிறகு வீடும் ஒன்றாகிவிட்டது. ஆகவே அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பொறுமைதான் மிச்சமில்லை.

பல் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் அண்ணனுக்கு ஆகாது. எங்களிடம் பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த பட்டை ஒன்று இருக்கிறது. பதினாறும் பதினாறு வெள்ளை. அவருக்கு அந்தப் பட்டையும் போதாது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே இன்னும் இரண்டு இருக்கிறது என்பார். எங்கள் சித்தப்பா செத்தபோது சவப்பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து என் காதில், "முன்பல்லு தப்பான நிறம், எவன் செஞ்சானோ" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

பறவைப் பைத்தியம் கண் டாக்டரால் வந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருதரம் வேலையை நிறுத்தி, தூரத்தில் இருக்கிற எதையாவது பாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். எதிர்வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யாமரம் தெரியும். அண்ணன் அதைப் பார்த்தார்.

"நூபியா, அது என்ன?"

"குருவி."

"என்ன குருவி?"

"அண்ணே, குருவின்னா குருவி."

அங்கேதான் நான் தப்பு செய்தேன். ஏதாவது ஒரு பெயரை அடித்துவிட்டிருந்தால் பிழைத்திருப்பேன். தெரியாத விஷயம் அவருக்குப் பல் இடுக்கில் சிக்கிய இறைச்சி நார் மாதிரி. எடுக்கும்வரை வேறு வேலை ஓடாது. அந்த வாரமே பறவைச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். எட்டாவது வருடம், அங்கே யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய வேலை ஒன்றை இவர் தலையில் கட்டினார்கள். மேற்கு மலைத்தொடரில் எங்கே யார் எந்தப் பறவையைப் பார்த்தாலும், பெயரும் எண்ணிக்கையும் இடமும் கைபேசி வழியே வந்து சேரும். நம்பத்தக்கதை ஏற்கவேண்டும், நம்பமுடியாததைக் கேள்வி கேட்கவேண்டும். சந்தேகப்படுவதற்கென்று உலகத்தில் ஒரு பதவி இருந்தால் அதற்கென்றே பிறந்தவர் என் அண்ணன். இத்தனைக்கும் அவர் மலைப்பக்கமே போவதில்லை. வளைவுச் சாலையில் கால் மணி நேரம் போனால் வாந்தி எடுப்பார். மேசையில் உட்கார்ந்தபடியே ஒரு மலைத்தொடரை மேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மலையில் நீளவால் ரீங்காரச் சிட்டுகள் இரண்டு வகை உண்டு. கட்டைவிரல் அளவு உடம்பு, அதைவிட நீண்ட வால். ஒன்றுக்கு வால் பச்சை, மற்றதற்கு ஊதா. பச்சைவால் நகரத்தைப் பார்த்த சரிவிலும் உச்சிப் பக்கமும் இருக்கும். ஊதாவால் கடலைப் பார்த்த சரிவில், மழை ஓயாத காட்டில் இருக்கும். இரண்டுமே கட்டை மூக்கு. நீளக் குழல் பூவாயிருந்தால் வாசல் வழியாகப் போகாமல், அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடும். ஆண்களைப் பிரிப்பது சுலபம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதுவும் முழு உண்மையில்லை என்பார் அண்ணன்: பச்சைவால் வெயிலில் திரும்பினால் நீலம் அடிக்கும், ஊதாவால் மூடுபனியில் கருப்பாகத் தெரியும். பெண்களுக்கோ நீள வாலே கிடையாது. இரண்டுக்கும் தலையில் நீலப் பளபளப்பு, தொண்டையில் வெள்ளைமேல் பச்சைப் புள்ளி, வயிறு இலவங்கப்பட்டை நிறம். ஊதாவாலின் பெண்ணுக்குத் தொண்டைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை சுத்தமாக இருக்கும். பச்சைவாலின் பெண்ணுக்கு அது கலங்கியிருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். அதுவும் ஒரு கணம் நின்று, மறு கணம் காணாமல் போகிற ஜீவனிடம்.

இந்த நிலைமையில் லா ரூவானா கணவாயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பட்டியல் வரத் தொடங்கியது. கடலுக்குப் போகிற பழைய சாலையில், மலை முதுகின்மேல் இருக்கிறது அந்தக் கணவாய். அனுப்பியது அங்கே சோள அடையும் சாசேஜும் சுட்டு விற்கிற தெயானிரா என்ற பெண்மணி. வாடிக்கையாளர் நின்று பார்க்கட்டும் என்று கடை வாசலில் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகள் தொங்கவிட்டிருந்தாள். சாப்பிட வந்த சங்கத்து ஆள் ஒருவர் அவள் கைபேசியில் பட்டியல் அனுப்பும் வழியைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முதல் பட்டியல் வந்த அன்று அண்ணன் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"பச்சைவால் ஆண் ரெண்டு, பெண் நாலு. ஊதாவால் ஆண் ஒண்ணு, பெண் மூணு. ஒரே இடத்துல. பெண்களை எண்ணிக்கையோட பிரிச்சு எழுதியிருக்கா, நூபியா. மியூசியத்துல செத்த பறவையைக் கையில வச்சுக்கிட்டே நான் யோசிக்கிறேன். இவ சாசேஜ் திருப்பிக்கிட்டே எழுதுறா."

கேள்வி அனுப்பினார்: பெண் பறவைகளை எதை வைத்து அடையாளம் கண்டீர்கள், தயவுசெய்து புகைப்படம் அனுப்பவும்.

குரல் செய்தியில் பதில் வந்தது. பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம்.

"டாக்டர், பார்த்துதான் எழுதியிருக்கு. தினமும் பார்க்கிறதுதான். போட்டோ எடுக்க இங்க யாருக்குக் கை சும்மா இருக்கு?"

'நான் டாக்டர் இல்லை' என்று தொடங்கி அண்ணன் நீளமாக ஒரு பதில் எழுதினார். உயரம், சரிவு, வெள்ளைப் பட்டை எல்லாம் அதில் இருந்தது. அடுத்த ஞாயிறு பட்டியல் மறுபடி வந்தது: பச்சைவால் பெண் ஐந்து, ஊதாவால் பெண் மூன்று. அண்ணன் அதை 'உறுதி செய்யப்படவில்லை' என்று ஒதுக்கினார். அவள் அதையே திரும்ப அனுப்பினாள்.

"டாக்டர், உங்க வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருந்தா, எது மூத்தது எது இளையதுன்னு போட்டோ பார்த்தா சொல்லுவீங்க?"

"எனக்குப் பிள்ளை இல்லம்மா" என்று இவர் பதிவு செய்து அனுப்பினார்.

"அதான்" என்று மட்டும் பதில் வந்தது.

ஒரு வருடம் இப்படியே ஓடியது. திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறந்தால் பல் பேச்சுக்கு முன்னால் தெயானிரா பேச்சுதான். அவள் பிடிவாதம், அவள் திமிர், அவள் எண்ணுகிற லட்சணம். கேட்டுக் கேட்டு அந்தப் பெண்மணியை நேரில் பார்க்காமலே எனக்கு அவள் குரலின் ஏற்ற இறக்கம்கூடப் பாடமாகிவிட்டது. அதற்கப்புறம்தான் ஒரு வக்கீலுக்குச் செய்த முன்பல் திரும்பி வந்தது. நிறம் பொருந்தவில்லை என்று வைத்தியர் சீட்டு வைத்திருந்தார். இருபத்தாறு வருடத்தில் அண்ணன் செய்த பல் நிறத்துக்காகத் திரும்பியது அதுதான் முதல் தடவை. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு அந்தப் பொம்பளையை நம்பு. இல்லாட்டி அங்க போய்ப் பார். ரெண்டும் மாட்டேன்னா நான் வேற பட்டறை பார்த்துக்கிறேன்."

"வளைவு ரோடு, நூபியா."

"பை எடுத்துக்கிறேன்."

சனிக்கிழமை கிளம்பினோம். பேருந்தில் இரண்டு தடவை, ஜீப்பில் ஒரு தடவை வாந்தி எடுத்தார். ஜீப்புக்காரர் ஒவ்வொரு வளைவிலும், "மூச்சை இழுத்து விடுங்க டாக்டர்" என்றார். திருத்துகிற தெம்பு அண்ணனுக்கு இல்லை.

கணவாயில் இறங்கியபோது மூடுபனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. கடையின் தகரக்கூரை இருபதடி தூரத்தில்தான் புலப்பட்டது. தெயானிராவுக்கு ஐம்பது இருக்கும். அகலமான தோள், மாவு ஒட்டிய கை. அண்ணன் பெயரைச் சொன்னதும் மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அவருன்னு நான் எப்படி நம்புறது? போட்டோ ஏதாவது வச்சிருக்கீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை. நனைந்த காலணியோடு, கழுத்தில் தொலைநோக்கியோடு நின்றபடியே விசாரணையை ஆரம்பித்தார்.

"ஊதாவாலோட பெண்ணுக்கு மார்புப் பட்டை எவ்வளவு அகலம் இருக்கும்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"



"ஒரு வருஷமா வாராவாரம் எழுதுறீங்களே?"

"எழுதுறது நான். பார்க்கிறது அவரு." கரண்டியால் கடைக்குப் பின்னாலிருந்த அறையின் ஜன்னலைக் காட்டினாள்.

"இத்தனை நாள் இதைச் சொல்லவேயில்லையே?"

"நீங்க கேட்டீங்களா? எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டீங்க. யாரு கண்டுபிடிச்சதுன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? உங்க கேள்வி வரும், நான் போய் அவர்கிட்ட படிப்பேன், அவரு கத்துவாரு. அவரு கத்துறதை நான் நாகரிகமா மாத்தி உங்களுக்கு அனுப்பணும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் அடுப்பு எத்தனை தடவை கருகியிருக்கு தெரியுமா? எனக்கு இந்தச் சிட்டுங்க மேல ஒரு ஆசையும் இல்ல அக்கா" என்று என் பக்கம் திரும்பி முடித்தாள்.

அவள் கணவர் எவேலியோ கடல் சாலையில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. அந்த வார்த்தை 'இல்ல'. ஜன்னலோரம் கம்பளிப் போர்வைக்குள் பெரிய உடம்பாக உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் புட்டிகள். மடியில் ஒரு தட்டு, அதில் சோளமும் சிவப்புப் பீன்ஸும் கலந்து கிடந்தன. ஜன்னல் கட்டையில் இரண்டு தகரக் குவளைகள்.

தெயானிரா விளக்கினாள். ஆணுக்கு ஒரு குவளை, பெண்ணுக்கு ஒன்று. பச்சைவாலுக்குச் சோளம், ஊதாவாலுக்குப் பீன்ஸ். ஞாயிறு மாலை அவள் எண்ணி எழுதுவாள்.

அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். "ஒரே சிட்டு பத்து தடவை வந்தா பத்து சோளமா?"

"இல்ல" என்றார் எவேலியோ. கனமான குரல், கொஞ்சம் எரிச்சலோடு. இடது கையால் தட்டிலிருந்து ஒரு சோளத்தை எடுத்துக் காட்டினார், குவளைக்குள் போட்டார். பிறகு இரண்டு விரலைச் சேர்த்து நீட்டி, இன்னொன்றை எடுத்தார். இரண்டு ஒரே சமயத்தில் உட்கார்ந்தால்தான் இரண்டாவது தானியம் விழும் என்று அர்த்தம். சங்கத்தில் பாதிப் பேருக்கு இதை அண்ணன் இன்றுவரை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தில் ஏதோ இளகியது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று பனி விலகவேயில்லை. வெல்லத் தண்ணீரில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் குடித்துவிட்டு, இரண்டு ஆண்களும் ஒன்றும் தெரியாத ஜன்னலைப் பார்த்தபடி மாலைவரை உட்கார்ந்திருந்தார்கள். நானும் தெயானிராவும் கடையில் வேலை செய்தோம்.

ஞாயிறு காலை வானம் திறந்தது. அண்ணன் ஒரு பரீட்சை வைத்தார். ஏழிலிருந்து ஒன்பது மணிவரை, பெண் சிட்டு எது வந்து குடித்தாலும் நான் எண் சொல்லிக் கூப்பிடவேண்டும், கைபேசியில் படமும் எடுக்கவேண்டும். அண்ணன் தாளில் எழுதுவார், எவேலியோ தானியத்தை வரிசையாக ஒரு பலகையில் வைப்பார். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கக்கூடாது. நடுவில் ஒரு அட்டைப்பெட்டியை நிறுத்தினோம்.

"ஒண்ணு" என்றேன். புட்டியடியில் ஒரு சிட்டு தொங்கியது, போனது. "ரெண்டு." அதற்குள் ஒரு ஆண் வந்து அதைத் துரத்தியது. வெயிலில் அதன் வால் நிஜமாகவே ஊதா. அதைப் பார்த்து அண்ணன் எழுதவேண்டியதை மறந்து, என்னிடம் திட்டு வாங்கினார். இரண்டு மணி நேரத்தில் பதினேழு வரை எண்ணினேன்.

அட்டைப்பெட்டியை எடுத்தோம். அண்ணன் தாளில் ஆறு இடத்தில் 'தெரியவில்லை'. எவேலியோவின் பலகையில் பதினேழு தானியம், ஒரு இடைவெளிகூட இல்லை.

"தெரியலைன்னு எழுதவா டாக்டர் அவ்வளவு வாந்தி எடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்றாள் தெயானிரா.

"தெரியாததைத் தெரியலைன்னுதான் எழுதணும்மா."

"இல்ல" என்றார் எவேலியோ.

மீதிப் பதினொன்றில் பத்து இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. பதினோராவதாக ஒத்துப் பார்த்ததில்தான் சண்டை. அது ஒன்பதாம் எண் சிட்டு. அண்ணன் பச்சைவால் என்று எழுதியிருந்தார், எவேலியோ பீன்ஸ் வைத்திருந்தார்.

"பட்டை கலங்கியிருந்தது. நான் பார்த்தேன்."

"இல்ல."

"பழுப்பு தொண்டை வரைக்கும் ஏறியிருந்தது."

"இல்ல."

"ஒரு நொடிதான் நின்னுது. உங்களுக்கு மட்டும் எப்படி..."

"இல்ல, இல்ல, இல்ல." எவேலியோ பலகையைத் தட்டினார். சோளம் தரையில் சிதறியது.

"ரெண்டு பேரும் சாப்பிட வாங்க, அடை ஆறுது" என்று கத்தினாள் தெயானிரா. பிறகு குனிந்து சோளத்தைப் பொறுக்கியபடி என்னிடம் சொன்னாள்: "மூணு வருஷமா இந்த ஒரு வார்த்தைதான் அக்கா. பசிக்குதான்னா இல்ல. பசிக்கலையான்னா இல்ல. எது ஆமா, எது இல்லன்னு குரலை வச்சு நான் கண்டுபிடிக்கணும். தப்பாக் கண்டுபிடிச்சா அதுக்கும் இல்ல."

சாப்பிட்டதும் அண்ணன் எவேலியோவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஆறு சிட்டை எப்படிப் பிரித்தார் என்று தெரியாமல் அவரால் ஜீப் ஏறமுடியாது. மார்புப் பட்டையா என்று கேட்டார். இல்ல. தொண்டைப் புள்ளியா? இல்ல. தலை நீலமா? இல்ல. உருவமா, சத்தமா, வருகிற திசையா, குடிக்கிற விதமா? ஒவ்வொன்றுக்கும் இல்ல. அதில் எது நிஜமான இல்ல என்று அண்ணன் தெயானிராவைப் பார்ப்பார். அவள் தோளைக் குலுக்குவாள். ஒரு கட்டத்தில் எவேலியோ தன் நல்ல கையால் அண்ணன் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். பார், என்றுதான் அர்த்தம். பார்த்தார். அங்கே ஒரு சிட்டு இருந்தது. என்ன பார்க்கவேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

திரும்பும் வழியில் அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு முனகினார். "தெரிஞ்சவருக்குச் சொல்ல வாய் இல்ல. வாய் இருக்கிற எனக்குத் தெரியல. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"இப்ப வாயை மூடிட்டு மூச்சை இழுத்து விடு அண்ணே. வளைவு வருது."

திங்கட்கிழமை மதியம் என் படங்களைப் பெரிதாக்கி, பல் பார்க்கிற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூன்று மதியம் பார்த்தார். ஒன்பதாம் எண் சிட்டின் மார்பில் கலங்கலாகத் தெரிந்தது அதன் சிறகின் நிழல். நிழலுக்குக் கீழே பட்டை சுத்த வெள்ளை. எவேலியோ சொன்னதுதான் சரி. இதை என்னிடம் சொன்னார், கீழே ரொட்டிக்கடைக்காரரிடம் சொன்னார், சங்கத்துச் செயலாளரிடம் சொன்னார். சொல்லவேண்டிய ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நான் கைபேசியை அவர் வாய்க்கு முன்னால் நீட்டிப் பிடித்தேன். "எவேலியோ, ஒன்பதாம் நம்பர் உங்களுடையதுதான்" என்று ஏதோ அபராதம் செலுத்துகிறவர் மாதிரி சொன்னார்.

ஆனால் அந்த ஆறு சிட்டுகளை ஏற்க மறுத்துவிட்டார். படத்திலும் அவை தெளிவில்லை. சாட்சி இல்லாததை எழுதமுடியாது. 'இரண்டில் ஒன்று' என்று பதிந்தார். ஞாயிறு அன்று தெயானிராவின் குரல் வெடித்தது.

"அவரு கண்டதுல மூணுல ஒரு பங்கை வெட்டிட்டீங்களாம். காலையிலிருந்து சாப்பிடல. நீங்களே வந்து ஊட்டுங்க."

போனார். என் அண்ணன், காய்கறி வாங்கத் தெருமுனைக்குப் போகவே அலுத்துக்கொள்கிறவர், அதற்கப்புறம் மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கணவாய்க்குப் போகிறார். ஒவ்வொரு தடவையும் அதே வளைவுகளில் வாந்தி எடுக்கிறார். ஊட்டினாரா என்று எனக்குத் தெரியாது.

நாலு மாதம் கழித்து உலையில் ஏதோ சில்லுகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். எந்த நோயாளிக்கு என்று கேட்டேன். எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது: வெள்ளையில் ஒன்பது, இலவங்கப்பட்டை நிறத்தில் ஏழு, நகம் அளவுப் பீங்கான் சில்லுகள், பட்டையில் கோத்தது. எவேலியோவுக்குப் பேச வராது. ஆனால் சுட்டிக்காட்ட வருமே. எந்த வெள்ளையைப் பார்த்து எந்தச் சிட்டு என்கிறார் என்று சில்லைத் தொட்டுக் காட்டட்டும்.

எவேலியோ அதை வாங்கி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாராம். ஒன்றுகூடச் சிட்டின் நிறத்தில் இல்லை. அண்ணனின் நிறத்தைக் குறை சொன்னவர்கள் வாழ்நாளில் இரண்டே பேர், அந்த வக்கீல் ஒருவர், இவர் ஒருவர். கோபத்தோடு திரும்பி வந்தார். இரண்டு வாரம் வைத்தியர்களின் வேலையெல்லாம் தேங்கிக் கிடக்க, புதிதாகச் சுட்டார். அதற்கும் இல்ல. மூன்றாவது பட்டையில் எவேலியோ இரண்டு சில்லுகளைத் தொட்டார். இரண்டும் வெள்ளை இல்லை, பழுப்பு: பச்சைவாலுக்கு ஒன்று, ஊதாவாலுக்கு ஒன்று. மார்பின் வெள்ளைப் பட்டையை வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு, எவேலியோ பார்த்துக்கொண்டிருந்தது வயிற்றை என்பது அன்றுதான் உறைத்தது.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்லமுடியாது. முன்பு பதினேழில் ஆறு தெரியாதிருந்தது, இப்போது நாலு தெரியவில்லை. எவேலியோவிடம் அந்த நாலையும் கேட்டால் தயங்காமல் தானியத்தை எடுப்பார். அண்ணன் தயங்காமல் 'தெரியவில்லை' எழுதுவார். தெயானிரா இரண்டையும் அனுப்புகிறாள், இரண்டு பட்டியலாக, இரண்டு மடங்கு சலிப்போடு. கணவாயில் இரண்டு வகையும் வருகின்றன என்பதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அண்ணன் தன் சுவர் வரைபடத்தில் ஊதாவாலின் எல்லையாகத் தானே இழுத்திருந்த ஊதாக் கோட்டை ரப்பரால் அழித்து, மலை முதுகுவரை நகர்த்தினார். அழித்த தடம் இன்னும் போகவில்லை.

சங்கத்து இதழுக்கு இரண்டு பக்கம் எழுதினார், பெண்களை வேறுபடுத்துவது பற்றி. முதல் பெயர் எவேலியோ, இரண்டாவது இவர். முதலாமவரின் படிப்பு என்ன என்று ஆசிரியர் குழு கேட்டது. லாரி என்று பதில் போனது. அப்படியென்றால் அவருடைய கருத்தை அவர் வார்த்தையிலேயே எழுதி வாங்கித் தரமுடியுமா என்று கேட்டார்கள். அண்ணன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, அரை மணி நேரம் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் போன வாரம் இதழ் வந்தது. நாலாம் பக்கம், இரண்டு பெயர், என் படங்கள் இரண்டு. அண்ணன் பிரித்தார், படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பச்சைவாலின் படத்துக்குக் கீழே ஊதாவால் என்று அச்சிட்டிருந்தார்கள். ஊதாவாலின் கீழே பச்சைவால்.

"நூபியா" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தேதியிட்டு, 'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு' என்று ஆரம்பித்தார். அன்றைக்குப் பல் வேலை நடக்காது என்று தெரிந்ததும் உலையை அணைத்து, மெழுகை மூடி வைத்துவிட்டு, ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன்.